கொடி அறுத்த பிறகு: பிரசவ வலி மருந்துகளில் எது குழந்தையிடம் தங்குகிறது?

பிரசவ வலியை மரக்கச் செய்யும் மருந்தை ஏற்ற முதுகில் எபிடியூரல் குழாய் வைப்பதற்கு முன் ஒப்புதல் கையெழுத்து வாங்க வேண்டும். வலியில் துடிக்கிற பெண் படிவத்தைப் படிப்பதே இல்லை. எங்கே என்று கேட்டுப் போட்டுவிடுவார். கேள்வி கேட்பவர் பக்கத்தில் நிற்கும் அம்மா, அல்லது மாமியார். "டாக்டரம்மா, இந்த மருந்து குழந்தைக்குப் போய்விடாதே?" வேலைக்குச் சேர்ந்த புதிதில் "போகாதும்மா" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். அது பொய். வலிக்கென்று பிரசவ அறையில் நாங்கள் கொடுக்கிற ஒவ்வொரு மருந்தும் கொஞ்சமோ நிறையவோ குழந்தையை எட்டுகிறது.

இது இன்று நேற்றுத் தெரிந்த சங்கதியும் அல்ல. எடின்பரோவில் ஜேம்ஸ் சிம்ப்சன் பிரசவத்துக்கு ஈதரையும் பிறகு குளோரோஃபார்மையும் கொடுக்கத் தொடங்கியது 1847-இல். விக்டோரியா மகாராணி 1853-இல் குளோரோஃபார்ம் முகர்ந்து பிள்ளை பெற்றார். 1870-களில் பால் ஸ்வைஃபல் என்ற மகப்பேறு மருத்துவர், குளோரோஃபார்ம் முகர்ந்த தாய்க்குப் பிறந்த குழந்தையின் சிறுநீரைச் சோதித்து அதில் அந்த மருந்து இருப்பதைக் காட்டினார். தாய் முகர்ந்தது சிசுவின் சிறுநீரகம் வரை போயிருக்கிறது. அதன் பிறகும் "நஞ்சுக்கொடி எல்லாவற்றையும் தடுத்துவிடும்" என்ற நம்பிக்கை ஒழிய இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின.

நஞ்சுக்கொடியை ஒரு சல்லடை என்று வைத்துக்கொண்டால், சிறிய, கொழுப்பில் கரையும், மின்னேற்றம் இல்லாத மூலக்கூறுகளுக்கு அதில் தடையே கிடையாது. வலி மருந்து நரம்பின் கொழுப்புச் சவ்வைக் கடந்தால்தான் வேலை செய்யும். அதைக் கடக்கத் தெரிந்த மருந்துக்கு நஞ்சுக்கொடியைக் கடக்கவும் தெரியும். மூளையையும் நரம்பையும் எட்டுகிற, குழந்தையை எட்டாத வலி மருந்தைத் தேடினால் கிடைக்காது. மாறாக, இரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் ஹெப்பாரின் பெரிய மூலக்கூறு, அது நின்றுவிடும். சிசேரியனில் தசையைத் தளர்த்தக் கொடுக்கும் சக்சினைல்கோலின் மின்னேற்றம் கொண்டது, அதுவும் அநேகமாகத் தாயோடு நின்றுவிடும்.

ஆகவே "போகுமா" என்ற கேள்வி உதவாது. போனது எங்கே தங்குகிறது, எவ்வளவு நேரம் தங்குகிறது என்பதுதான் தெரிய வேண்டும். அதைத் தொப்புள் கொடியிலேயே பார்க்கலாம்.

குழந்தை வெளியே வந்ததும் கொடியில் இரண்டு இடத்தில் கிளிப் போட்டு, நடுவே உள்ள துண்டை வெட்டி எடுத்து ஒரு தட்டில் வைப்போம். முறுக்கிய கயிறு போல வழுவழுப்பாக இருக்கும். வெட்டிய முகப்பைப் பார்த்தால் மூன்று துளைகள்: அகன்று தொய்ந்திருப்பது சிரை, சிறிதாக விறைத்து நிற்கும் இரண்டும் தமனிகள். சிரையில் இருப்பது நஞ்சுக்கொடியிலிருந்து குழந்தைக்குப் போய்க்கொண்டிருந்த இரத்தம். தமனியில் இருப்பது குழந்தையின் உடலைச் சுற்றிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த இரத்தம். இரண்டிலும் தனித்தனிச் சிரிஞ்சில் எடுத்து மருந்தின் அளவைப் பார்த்தால் கணக்கு புரிந்துவிடும். சிரையில் நூறு பங்கு, தமனியில் நாற்பது என்றால் மீதி அறுபது குழந்தையின் கல்லீரலிலும் தசையிலும் மூளையிலும் இறங்கியிருக்கிறது, அல்லது வழியிலேயே சிதைந்திருக்கிறது. இரண்டும் ஏறத்தாழச் சமம் என்றால் திசுக்கள் நிரம்பிவிட்டன என்று பொருள்.

உள்ளே போவதிலும் குழந்தைக்கு ஒரு பாதுகாப்பு இருக்கிறது. சிரையில் வரும் இரத்தத்தில் பெரும்பகுதி முதலில் கல்லீரலைச் சந்திக்கிறது. கல்லீரல் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்கிறது. மீதி, கால் பக்கமிருந்து வரும் இரத்தத்தோடு கலந்து நீர்த்துப்போய்த்தான் இதயத்துக்கும் மூளைக்கும் போகிறது. இந்தப் பாதுகாப்பு திடீரென்று ஒரே தடவையாக வரும் மருந்துக்கு நன்றாக வேலை செய்யும். மணிக்கணக்கில் ஊறிக்கொண்டே இருக்கும் மருந்துக்கு அவ்வளவாகச் செய்யாது.

பாதகமான ஒன்றும் உண்டு. வயிற்றுக்குள் இருக்கும் சிசுவின் இரத்தம் தாயின் இரத்தத்தைவிடச் சற்று அமிலத்தன்மை கூடியது. அமிலம் கூடக் கூடக் குறையும் pH அளவில், தாய்க்கு 7.4 என்றால் சிசுவுக்கு 7.3-ஐ ஒட்டி இருக்கும். உணர்வை மரக்கச் செய்யும் லிக்னோகெய்ன், புபிவக்கெய்ன் போன்றவை அமிலத்தில் மின்னேற்றம் பெறுகின்றன. மின்னேற்றம் பெற்றதும் வந்த வழியே திரும்ப முடிவதில்லை. ஓடையில் வைக்கும் மீன் பறியைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். நுழைவது எளிது, வெளியேறுவதுதான் முடியாது. குழந்தை மூச்சுத்திணறலில் இருந்து அமிலம் ஏற ஏறப் பறியின் வாய் இன்னும் இறுகும். ஆபத்தில் இருக்கிற குழந்தையிடம்தான் மருந்து அதிகமாகச் சேர்கிறது. இந்தப் பறியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், எபிடியூரலைப் பற்றிப் பேசும்போது திரும்ப வரும்.

கொடி இணைந்திருக்கும் வரை குழந்தையின் இரத்தத்தைச் சுத்தம் செய்துகொடுப்பது தாயின் கல்லீரலும் சிறுநீரகமும்தான். தாயிடம் அளவு குறைந்தால் குழந்தையிடமிருந்து மருந்து திரும்பி வடியும். கொடியை அறுத்த நொடியில் அந்தக் குத்தகை முடிந்துவிடுகிறது. அதன் பிறகு உள்ளே இருப்பதைப் பிறந்து ஒரு நிமிடம்கூட ஆகாத கல்லீரல் ஒற்றையாகச் சமாளிக்க வேண்டும். மருந்துகளை ஒப்பிட நான் வைத்திருக்கும் அளவுகோல் இதுதான்: கொடி அறுக்கும் நேரத்தில் குழந்தையிடம் எவ்வளவு இருக்கிறது, அதை அது எவ்வளவு நேரத்தில் கழிக்கும்.

இந்த அளவுகோலில் மிக மோசமாகத் தேறுவது பெத்திடின் என்ற அபின் வகை வலி மருந்து. 1930-களின் இறுதியில் ஜெர்மனியில் உருவானது. விரைவிலேயே பிரசவ அறைக்குள் வந்து இன்றுவரை பல நாடுகளில் வெளியேறாமல் இருக்கிறது. காரணம் எளிது: விலை குறைவு, இடுப்பில் ஒரு ஊசி, மயக்க மருத்துவர் வேண்டியதில்லை. 50 முதல் 100 மில்லிகிராம் போடுவார்கள். வலியைக் குறைப்பதில் அது சுமார்தான். பெரும்பாலும் வலி இருந்துகொண்டே இருக்கும், வலியைப் பற்றிய கவலைதான் மங்கும்.

தாயின் உடலில் அது பாதியாகக் குறையச் சில மணி நேரம் போதும். பிறந்த குழந்தைக்கு 13 முதல் 23 மணி நேரம் வரை ஆகிறது. அது சிதைந்து உருவாகும் நார்பெத்திடின் இன்னும் மோசம், குழந்தையிடம் பாதியாகக் குறைய சுமார் 60 மணி நேரம். இரண்டரை நாள் கழிந்தும் பாதி மிச்சம் இருக்கிறது. தாய்ப்பாலிலும் கொஞ்சம் வரும்.

நேரக் கணக்கு இங்கே விசித்திரமானது. ஊசி போட்டு ஒரு மணி நேரத்துக்குள் குழந்தை பிறந்துவிட்டால் திசுக்களில் அதிகம் இறங்கியிருக்காது. இரண்டு முதல் மூன்று மணி நேரத்தில் குழந்தையின் திசுக்களில் அளவு உச்சத்தில் இருக்கும். அந்த இடைவெளியில் பிறக்கும் குழந்தைக்கே மூச்சு மந்தமாகும் அபாயம் மிகுதி. நான்கு மணி நேரத்துக்கு மேல் போனால் மருந்து தாய்ப்பக்கம் வடியத் தொடங்கும், ஆனால் நார்பெத்திடின் சேர ஆரம்பித்திருக்கும். பிரசவம் எப்போது நிகழும் என்று சரியாகச் சொல்லத் தெரிந்தவர் யாரும் இல்லை என்பதால், பெத்திடின் போடுவது ஒருவகைச் சூதாட்டம்தான்.

பயிற்சிக் காலத்தில் ஓர் இரவு. முதல் பிரசவம், கருப்பை வாய் நான்கு சென்டிமீட்டர் திறந்திருந்தது, "விடிய வெகுநேரம் ஆகும்" என்று ஊசி போட்டாயிற்று. இரண்டே கால் மணி நேரத்தில் குழந்தை வந்துவிட்டது. இதயத் துடிப்பு நன்றாக இருந்தது, நிறமும் பரவாயில்லை, அழுகை மட்டும் இல்லை. துணியால் முதுகைத் தேய்த்தால் கண்ணைத் திறந்து பார்க்கும், விட்டால் மூச்சு விடுவதையே மறந்துவிட்டது போல் கிடக்கும். முகமூடி வைத்து பையை அழுத்தி மூச்சுக் கொடுத்தோம். நிமிடங்கள்தான், பிறகு தானாகவே விட ஆரம்பித்தது. நலோக்சோன் என்ற முறிவு மருந்து உண்டு. ஆனால் முதலில் செய்ய வேண்டியது மூச்சுக் கொடுப்பதுதான். அந்தக் குழந்தைக்கு நிரந்தரக் கேடு எதுவும் இல்லை. மறுநாள் முழுக்கப் பால் குடிக்காமல் தூங்கிக்கொண்டே இருந்தது, அதற்குப் பாட்டி "பிள்ளை சமர்த்து" என்று சொல்லிக்கொண்டிருந்தார். சமர்த்து அல்ல பாட்டி, பெத்திடின் என்று சொல்ல எனக்கு அன்று தைரியம் வரவில்லை.

நம் ஊரில் பெத்திடினுக்குப் பதிலாக டிரமடால் போடும் வழக்கமும் உண்டு. மூச்சை அடக்கும் குணம் குறைவு. ஆனால் நஞ்சுக்கொடியைத் தடையின்றிக் கடக்கிறது, கொடியில் இருக்கும் அளவு தாயிடம் இருப்பதற்கு ஏறத்தாழச் சமம். வலிக்குப் பெரிய உதவியும் இல்லை, வாந்தி வேறு. இரண்டில் ஒன்று என்றால் அதை எடுப்பேன், சந்தோஷமாக அல்ல.

வாயு இதற்கு நேர் எதிர். நைட்ரஸ் ஆக்சைடு பாதி, ஆக்சிஜன் பாதி கலந்த என்டோனாக்ஸ். ஒரே சிலிண்டரில் கலந்து தரும் முறையை மைக்கேல் டன்ஸ்டால் பிரிட்டனில் 1961-இல் கொண்டுவந்தார். குழந்தைக்கு எவ்வளவு வேகமாகப் போகிறது என்று பார்த்தால் இதுதான் முதலிடம், சில நிமிடங்களில் கொடியில் அளவு தாயின் அளவை நெருங்கத் தொடங்கிவிடும். "போகுமா" என்று மட்டும் கேட்பவர் இதைத்தான் முதலில் ஒதுக்குவார். ஆனால் இதைக் கழிக்கக் கல்லீரல் வேண்டாம், சிறுநீரகம் வேண்டாம். குழந்தை பிறந்து அழ ஆரம்பித்தால் போதும், நுரையீரல் வழியே நிமிடங்களில் வெளியேறிவிடும். முகமூடியைத் தாயே கையில் பிடித்து, வலி தொடங்கும் அறிகுறி தெரிந்த உடனே உறிஞ்ச வேண்டும். உச்சத்துக்கு வந்த பிறகு உறிஞ்சினால் வலி போன பின் தலை சுற்றும், அவ்வளவுதான். குறை என்ன என்றால், வலி நிவாரணம் பாதிதான். பத்து மணி நேரப் பிரசவத்துக்கு இதை மட்டும் நம்பி உட்கார முடியாது. இரண்டாவது குழந்தை, எட்டு சென்டிமீட்டரில் வந்து சேர்ந்த பெண், முதுகில் ஊசி போட நேரமே இல்லை என்ற நிலைக்கு இதைவிடப் பொருத்தமானது கிடையாது.

படிப்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த மருந்தின் பெயர் ரெமிஃபென்டனில். அபின் வகைதான், நஞ்சுக்கொடியைத் தாராளமாகக் கடக்கும்: தாயிடம் நூறு என்றால் கொடிச் சிரையில் எண்பத்தெட்டு வரை. ஆனால் கொடித் தமனியில் பார்த்தால் சிரையில் இருந்ததில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை! குழந்தையின் இரத்தத்திலும் திசுக்களிலும் உள்ள எஸ்டரேஸ் நொதிகள் அதை வழியிலேயே உடைத்துவிடுகின்றன. கல்லீரல் முதிர்ச்சி அடையக் காத்திருக்க வேண்டியதே இல்லை. பிரிட்டனில் சுமார் 400 பெண்களிடம் நடந்து 2018-இல் வெளியான சோதனையில், பெத்திடின் போட்டுக்கொண்டவர்களில் 41 சதவீதம் பேர் தாங்க முடியாமல் எபிடியூரலுக்கு மாறினார்கள். ரெமிஃபென்டனிலில் 19 சதவீதம்தான். பிறகு ஏன் எல்லா இடத்திலும் இது இல்லை? ஆபத்து குழந்தைக்கு அல்ல, தாய்க்கு. பொத்தானை அழுத்தி மருந்து ஏற்றிக்கொண்ட பெண்ணின் மூச்சு திடீரென்று நின்றுபோகலாம். ஒரு பெண்ணுக்கு ஒரு செவிலியர் கண்ணெடுக்காமல் உட்கார வேண்டும். மூன்று கட்டிலுக்கு ஒரு செவிலியர் ஓடிக்கொண்டிருக்கும் அறையில் இதைத் தொடங்கவே கூடாது.

இனி எபிடியூரல். முதுகெலும்பின் உட்புறம், தண்டுவட உறைக்கு வெளியே ஒரு மெல்லிய குழாய். அதன் வழியே 0.1 சதவீதம் அல்லது அதற்கும் நீர்த்த புபிவக்கெய்ன், கூடவே மில்லிலிட்டருக்கு 2 மைக்ரோகிராம் ஃபென்டனில் என்ற அபின் வகை மருந்து. மணிக்குப் பத்து மில்லிலிட்டர் ஓடினால் புபிவக்கெய்ன் மணிக்குப் பத்து மில்லிகிராம். மருந்து நரம்பருகே விடப்படுவதால் தாயின் இரத்தத்துக்கு வருவதே குறைவு. அதில் ஒரு பங்குதான் குழந்தைக்கு.

இங்கே விளம்பரக் கையேடுகள் ஒரு சாமர்த்தியம் செய்கின்றன. "புபிவக்கெய்ன் தாயிடம் நூறு என்றால் கொடியில் முப்பதுதான், லிக்னோகெய்ன் ஐம்பது, அறுபது" என்று போட்டு, குறைவாகக் கடக்கிறது என்பார்கள். எண் சரி, முடிவு அரைகுறை. புபிவக்கெய்னில் 95 சதவீதம் தாயின் இரத்தப் புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தப் புரதம் சிசுவிடம் மிகக் குறைவு. ஒட்டாமல் சுதந்திரமாகத் திரியும் பங்கு இரு பக்கமும் ஏறத்தாழச் சமமாகிவிடும், திசுக்களுக்குள் போவதும் அந்தப் பங்குதான். எனவே எபிடியூரலின் பாதுகாப்புக்குக் காரணம் முப்பது என்ற எண் அல்ல, மொத்தமாகக் கொடுக்கும் மருந்து சொற்பம் என்பது. மருந்தின் அடர்த்தி எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளச் சொல்வது இதனால்தான்.

அந்தக் காலத்தில் சொற்பமாக இல்லை. 1974-இல் பாஸ்டனில் ஸ்கேன்லன் என்ற குழந்தை மருத்துவரும் குழுவினரும், லிக்னோகெய்ன் அல்லது மெபிவக்கெய்ன் எபிடியூரல் போட்ட தாய்மார்களின் குழந்தைகள் விழிப்பாக இருந்தும் தசை துவண்டு இருந்ததைப் பதிவு செய்தார்கள். உலகமே பதறியது. புபிவக்கெய்னில் அப்படி இல்லை என்று அதே குழுவினர் பின்னர் கண்டார்கள். லிக்னோகெய்ன் பற்றிய கண்டுபிடிப்பும் பிந்தைய ஆய்வுகளில் நிலைக்கவில்லை. ஆனால் அந்தப் பதற்றம் நல்லது செய்தது, அளவைக் குறைக்க வைத்தது.

இப்போது அந்தப் பறிக்கு வருகிறேன். வலியில் மூச்சிரைக்கும் பெண்ணுக்குக் கரியமில வாயு அதிகமாக வெளியேறி, அட்ரினலின் ஏறி, கருப்பைக்குப் போகும் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. குழந்தைக்கு ஆக்சிஜன் குறையும், அமிலம் ஏறும், பறியின் வாய் இறுகும். மருந்தே போடாவிட்டால் குழந்தைக்கு எதுவும் ஆகாது என்பது சரியல்ல. நீண்டு இழுக்கும் பிரசவத்தில் வலிக்கும் ஒரு விலை உண்டு. எபிடியூரல் அந்தச் சுழலை நிறுத்துகிறது. 40 சோதனைகளையும் 11,000-க்கும் மேற்பட்ட பெண்களையும் சேர்த்துப் பார்த்த 2018-ஆம் ஆண்டின் காக்ரேன் தொகுப்பில், அபின் வகை ஊசிகளோடு ஒப்பிட்டால் எபிடியூரல் குழந்தைகளுக்கு முறிவு மருந்து தேவைப்படுவதும் கொடி இரத்தத்தில் அமிலம் ஏறுவதும் குறைவாகவே இருந்தன. சிசேரியன் கூடவில்லை.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். தாய்க்கு இரத்த அழுத்தம் இறங்கலாம், அதைக் கவனிக்காவிட்டால் குழந்தை பாதிக்கப்படுவது மருந்தால் அல்ல, இரத்த ஓட்டக் குறைவால். நேரம் நீண்டால் சிலருக்குக் காய்ச்சல் வரும். குழந்தைக்குத் தொற்று இருக்குமோ என்று ஊசி, பரிசோதனை என்று அலைக்கழிப்பு. ஃபென்டனில் மொத்தம் 150 மைக்ரோகிராமைத் தாண்டினால் தாய்ப்பால் பழகுவதில் சிரமம் வரலாம் என்று ஒரு சோதனை சொன்னது, பிறகு வந்த இன்னொன்று வித்தியாசம் இல்லை என்றது. "முதுகில் ஊசி போட்டால் காலத்துக்கும் முதுகு வலி" என்ற புகார் ஒவ்வொரு தெருவிலும் உண்டு. முறையான ஒப்பீடுகளில் எபிடியூரல் போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் நீண்டகால முதுகு வலியில் வேறுபாடு தெரியவில்லை.

ஆட்டிசம் பற்றி வாட்ஸ்அப்பில் வரும் செய்தியையும் விட முடியாது. 2020-இல் கலிபோர்னியாவில் சுமார் 1,48,000 குழந்தைகளின் பதிவுகளை வைத்து ஒரு தொடர்பு காட்டப்பட்டது. அடுத்த ஆண்டே கனடாவிலும் டென்மார்க்கிலும் இன்னும் பெரிய பதிவுகளைப் பார்த்தவர்கள், குடும்பப் பின்னணியையும் பிரசவச் சூழலையும் கணக்கில் எடுத்தபோது, எபிடியூரலைக் குற்றம் சொல்லும்படி வலுவான ஆதாரம் எதுவும் காணவில்லை. முதல் செய்தி மட்டும்தான் இன்னமும் பகிரப்படுகிறது.

சிசேரியன் என்றால் கேள்வி சுருங்கிவிடுகிறது: முதுகில் ஒற்றை ஊசியா, முழு மயக்கமா. ஸ்பைனல் என்ற அந்த ஒற்றை ஊசியில் தண்டுவட நீருக்குள் விடுவது சுமார் பத்து மில்லிகிராம் புபிவக்கெய்ன், அவ்வளவுதான். குழந்தையிடம் போவது கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. கவனிக்க வேண்டியது தாயின் இரத்த அழுத்தம் இறங்கும்போது அதை ஏற்றக் கொடுக்கும் மருந்து. பல காலம் எஃபெட்ரினைத்தான் நல்லது என்று நம்பினோம். ஹாங்காங்கில் ஙான் கீ குழுவினர் 2009-இல் வெளியிட்ட அளவீட்டில் எஃபெட்ரின் கொடியில் தாயைவிடச் சற்று அதிகமாகவே இருந்தது. அதே வேலைக்குக் கொடுக்கும் இன்னொரு மருந்தான ஃபீனைல்எஃப்ரின் தாயிடம் இருந்ததில் 17 சதவீதம்தான். எஃபெட்ரின் குழந்தையின் உடலில் எரியும் வேகத்தைக் கூட்டி அமிலத்தை ஏற்றுகிறது. வலி மருந்தைப் பற்றி விடிய விடியக் கேட்கிறவர்கள் இதை ஒருபோதும் கேட்பதில்லை.

முழு மயக்கத்தில் தாயைத் தூங்கவைக்கக் கொடுக்கும் தயோபென்டோன் அரை நிமிடத்தில் குழந்தையை எட்டி, ஒரு நிமிடத்தில் கொடிச் சிரையில் உச்சம் தொடும். தாய் தூங்கிவிட்டார், குழந்தை வீரிட்டு அழுகிறது. எப்படி என்று மாணவர்கள் கேட்பார்கள். முன்பு சொன்ன கல்லீரலும் நீர்த்துப்போதலும்தான். ஒரே தடவை வந்து வேகமாக இறங்கிவிடுவதால் குழந்தையின் மூளையில் மயக்கும் அளவு சேர்வதில்லை. ஆனால் தொடர்ந்து முகரும் வாயுக்கள் நேரம் போகப் போக ஊறும், அதனால் அறுவை மருத்துவரின் கைவேகம் முக்கியம். கருப்பையைத் திறந்து குழந்தையை எடுக்க மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகக் கூடாது. அமெரிக்காவில் மின்னசோட்டாவின் ஓல்ம்ஸ்டெட் மாவட்டத்தில் 1976 முதல் 1982 வரை பிறந்த 5,320 குழந்தைகளைப் பின்தொடர்ந்தபோது, முழு மயக்கச் சிசேரியனில் பிறந்தவர்களுக்குப் படிப்பில் கோளாறு அதிகமில்லை. இரத்தப்போக்கு, இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் குறைவு, குழந்தையின் துடிப்பு விழுகிறது என்ற நிலையில் முழு மயக்கம்தான் சரி. பிறகு அதற்காக யாரும் குற்ற உணர்வோடு அழ வேண்டியதில்லை.

என் தங்கைக்கு என்ன சொன்னேன் என்று கேட்டால்: முதல் பிரசவம், இரவும் பகலும் மயக்க மருத்துவர் இருக்கும் மருத்துவமனை என்றால் நீர்த்த எபிடியூரல். அது இல்லாத இடத்தில் வாயு, கூடவே கையைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள். பெத்திடின், முன்கூட்டியே பிறக்கப்போகிற குழந்தைக்கு வேண்டவே வேண்டாம். முதிராத கல்லீரல், குறைந்த புரதம், எல்லாமே அதற்கு எதிராக நிற்கின்றன. வேறு வழியே இல்லாமல் பெத்திடின் போட்டாயிற்று என்றால் ஊசி போட்ட நேரத்தைக் கேட்டு ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, பிரசவ அறைக்குள் போகும் செவிலியரிடம் கொடுத்துவிடுங்கள். அந்தச் சீட்டு குழந்தை மருத்துவர் கையில் இருந்தால், அழாத குழந்தையைப் பார்த்ததும் காரணத்தைத் தேடிக்கொண்டிருக்க மாட்டார். பையும் முகமூடியும் முன்பே மேசையில் இருக்கும்.